கரிசல் பதம்

தியாகேசன் அந்தக் கரிசல் சீமை மடத்துக்கு வந்தபோது அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. மடத்தை நடத்திவந்த மாடத்தியம்மைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவளிடம் உபதேசம் கேட்பதில் அவருக்குக் கூச்சம் இல்லை. காவிரிக்கரையில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்லியே பழகிய மனிதர், சொல்லி அலுத்துப்போய்க் கேட்க வந்திருந்தார்.

வந்த அன்றே கேட்டார்.

“அம்மா, என் மகன் நீலகண்டனைத் தலைமுழுகிடலாம்னு இருக்கேன். நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். இங்கேயே இருந்துடுவேன்.”

“அப்படி என்ன செஞ்சான்?”

“ஒண்ணும் செய்யலை. பேச மாட்டேங்கறான். வாசலுக்குப் போனா கதவைச் சாத்திக்கிறான். மூணு வருஷமா நான் சொன்ன நல்லதெல்லாம் விழலுக்கு இறைச்ச நீர். அவன் மனசு களர் நிலம்மா. அதுல ஒண்ணும் முளைக்காது.”

அம்மை கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை.

“மழை பெய்யட்டும். மடத்துக் காட்டை உழணும். அப்புறம் சொல்லுதேன்.”

அந்தப் பக்கத்தில் காடு என்றால் மரம் நிற்கிற காடு அல்ல. வானம் பார்த்த கரிசல் நிலத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். மழை வரும்வரை அது ஆட்டுக்குட்டியின் கால் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும். தியாகேசன் போய்ப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ஆற்றுப் பாசனக்காரர்களுக்கு மண் என்றால் சேறு. மற்றதெல்லாம் அவர்கள் கணக்கில் புழுதிதான்.

ஐப்பசியில் ஒரு பகல் முழுக்க மழை கொட்டியது. வெடிப்பெல்லாம் மூடிக்கொண்டது. மறுநாள் விடிந்ததும் தியாகேசன் யாரையும் கேட்காமல் மாடுகளை ஏரில் பூட்டினார். தண்ணீர் நிற்கும்போதே உழு, குழையக் குழைய உழு என்பது அவர் ரத்தத்தில் ஊறிய பாடம். அம்மைக்கு உபகாரமாக இருக்கட்டுமே என்ற நினைப்பு வேறு. மனிதரின் நல்லெண்ணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது, பாவம்.

மாடுகள் முழங்கால்வரை புதைந்தன. மண் கலப்பையில் அப்பிக்கொண்டு விடமாட்டேன் என்றது. அவரும் விடவில்லை. பாதிக் காடு உழுதிருந்தபோது அம்மை வந்தாள்.

“மாட்டை அவுத்து விடுங்கய்யா.”

“இன்னும் பாதி இருக்கேம்மா.”

“அது இருக்கட்டும்.”

அவ்வளவுதான் சொன்னாள். மாடுகளின் கால்களைக் கழுவிவிட்டு, அவருக்கும் ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள்.

பிறகு வெயில் அடித்தது. சில நாள் கழித்து அம்மை அவரைக் காட்டுக்கு அழைத்துப் போனாள். அவர் உழுத பாதி சூளையில் வெந்த செங்கல் போலக் கட்டி கட்டியாகக் கிடந்தது. ஒரு கட்டியைக் காலால் உதைத்தார். கால்தான் வலித்தது.

உழாத பாதியிலிருந்து அம்மை ஒரு பிடி மண் எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“இறுக்கிப் பிடிச்சு விடுங்க.”

பிடித்து விட்டார். மண் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளங்கையில் ஒட்டவில்லை.

“இதுக்குப் பேருதான் பதம். கையில ஒட்டுற வரைக்கும் காட்டுக்குள்ள இறங்கக் கூடாது.”

“எங்க ஊர் மண்ணு மிதிக்க மிதிக்கத்தானேம்மா குழைஞ்சு கொடுக்கும்?”

“அது வண்டல். ஆறு கொண்டாந்து போட்ட பிள்ளை, யாரு மிதிச்சாலும் கோவிச்சுக்கிடாது. செம்மண்ணு, குடிச்ச மழையை அன்னைக்கே மறந்துரும். கரிசல் அப்படியில்ல. குடிச்சதைத் தை மாசம் வரைக்கும் உள்ளயே வச்சிருக்கும்.”

“நான் உழுத பக்கம் மண்ணு மோசம் போல.”

“ரெண்டும் ஒரே காடு. ஒரே மழை.”

தியாகேசன் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அம்மை கேட்டாள்.

“மகன் எப்பயிருந்து பேசலை?”

“அவன் பெண்டாட்டி செத்ததிலேருந்து.”

“நீங்க என்ன சொன்னீக?”

“நல்லதுதாம்மா சொன்னேன். காய்ச்சல்னதுமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கணும்னேன். சின்ன வயசு, வேற பொண்ணு பார்க்கறேன்னேன். கடையைத் திற, வேலையில இருந்தா மறந்துடும்னேன்.”

“எப்போ சொன்னீக?”

அவர் தன் வெறுங்கையைப் பார்த்தார்.

“கருமாதி அன்னைக்கு. பந்தல்கூடப் பிரிக்கலை.”

சொல்லி முடிக்கும்முன் குரல் உடைந்துவிட்டது. சாத்திய கதவை மட்டுமே மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற மகனின் முகம் இப்போதுதான் ஞாபகம் வந்தது. அன்று அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்தான் பேசிக்கொண்டே இருந்தார்.

அம்மை அவர் அழுது ஓயும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு தியாகேசன் அங்கே கிடந்த மண்வெட்டியை எடுத்தார்.

“நான் கெடுத்ததை நானே உடைச்சுச் சரி பண்றேன்.”

அம்மை அதை வாங்கிக் கீழே வைத்தாள்.

“அடிச்சா மம்பட்டிதான் மழுங்கும்.”

“அப்போ இப்படியே கிடக்க வேண்டியதுதானா?”

“கிடக்காது. கரிசக் கட்டியை நாம உடைக்க முடியாதுய்யா. நனைஞ்சு காஞ்சு, நனைஞ்சு காஞ்சு, அதுவா உதிரும்.”

“எப்போ?”

“அது அதுக்குத்தான் தெரியும்.”

“அதுவரைக்கும் நான் என்னம்மா செய்யட்டும்?”

அம்மை காட்டோரத்தில் மேடாக ஓடிய பொழியைக் காட்டினாள். தியாகேசன் ஊரில் அதை வரப்பு என்பார்கள்.

“பொழியில போய் உக்காந்துக்கிடுங்க. உள்ள இறங்காதீக. எந்திரிச்சும் போயிராதீக. காடு ஏறிட்டுப் பார்த்தா உங்க முகம் தெரியணும்.”