ஒன்பதாவது ஆட்டமும் இடம் மாறிய நாற்காலியும்

நெல்வாயில் நாட்டை வாகைமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். பெயரில்தான் வாகை. அந்த வருஷம் அவருடைய சடுகுடு அணி எட்டு ஆட்டம் ஆடி, எட்டிலும் மண்ணைக் கவ்வியிருந்தது.

இத்தனைக்கும் அணிக்கு ஒரு குறையும் கிடையாது. ஆளுக்குத் தினம் பத்து முட்டை, ஒரு படி பால், அரண்மனைச் சம்பளம். ஊர் ஜனங்கள், "தின்ன முட்டைக்கு ஒரு தடவையாவது கோட்டைத் தொட்டுட்டு வரக் கூடாதா?" என்று வாய்விட்டே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

எட்டாவது தோல்விக்கு மறுநாள் ராஜா சபையில் குதித்தார்.

"ஆட்ட வாத்தியார் கருக்குவேலைக் கூப்பிடுங்கள்! வெள்ளிக்கிழமை கடல்துறை அணியோடு கடைசி ஆட்டம். அதிலும் தோற்றால் மொட்டையடித்து, கரும்புள்ளி செம்புள்ளி குத்தி, கழுதைமேல் ஏற்றி நாடு கடத்துவேன்!"

மந்திரி உலகளந்தாருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. வாத்தியார் வேலைக்கு அவர் தன் மைத்துனனைத் தயாராக வைத்திருந்தார். "கழுதைக்கு இப்போதே சொல்லிவிடட்டுமா அரசே?" என்றார் பணிவாக.

பாவம் கருக்குவேல். கும்பிட்டபடியே பின்னால் நடந்து வெளியேறினார். அந்த நாட்டில் அதுதான் வழக்கம். ராஜாவுக்கு யாரும் முதுகைக் காட்டக் கூடாது. காட்டினால் பன்னிரண்டு கசையடி. சபைக்கு வருகிற எல்லோரும் பின்பக்கமாகவே நடந்து, வாசல் தெரியாமல் சுவரில் உரசி, படியில் இடறித்தான் வீடு போய்ச் சேருவார்கள். ராஜா தன் குடிமக்களில் ஒருவருடைய முதுகையும் பார்த்ததே இல்லை.

சபையில் சீராளன் என்று ஒரு குறும்புக்காரர் இருந்தார். ராஜா ரசித்துச் சிரிப்பது அவர் பேச்சுக்கு மட்டும்தான். கருக்குவேலின் வெளிறிய முகத்தைப் பார்த்து மனசு கேட்காமல், மறுநாள் பயிற்சி மைதானத்துக்கே போனார்.

அங்கே பார்த்தால் பையன்கள் புலியாகப் பாய்கிறார்கள்!

"என்னய்யா இது? இவ்வளவு நல்லா ஆடுறவங்க ஆட்டத்தன்னிக்கு ஏன் பொம்மையா நிக்கிறாங்க?"

கருக்குவேல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிசுகிசுத்தார். "ஐயா, இங்க ராஜா இல்லை. ஆட்டத்தன்னிக்கு மகாராஜா நம்ம பக்கத்துக்குப் பின்னால, தெற்குக் கோடியில உக்காந்திருப்பாரு. அவருக்கு முதுகு காட்ட முடியுமா? பாடிப் போறவன் பின்னாலயே நடந்து போறான். பிடிக்க வேண்டிய ஏழு பேரும் ராஜாவைப் பார்த்துக் கைகட்டி நிக்கிறாங்க. வெளியூர்க்காரனுக்கு இந்த வழக்கம் கிடையாது, நிதானமா வந்து ஏழு முதுகையும் தட்டிட்டுப் போறான்."

"இதை அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"அவங்க தாத்தா காலத்து வழக்கம்யா. தப்புன்னு சொன்னா கழுதை நாளைக்கே வந்துரும். பிள்ளைகுட்டிக்காரன் நான்."

சீராளன் தாடையைத் தடவிக்கொண்டார். நேரே சபைக்குப் போனார்.

"அரசே, எட்டுத் தோல்விக்கும் காரணம் வாத்தியார் அல்ல. வேறொருவர். வெள்ளிக்கிழமை அவரை மட்டும் இடம் மாற்றிவிடுகிறேன். அப்படியும் தோற்றால் அந்தக் கழுதையில் நானும் ஏறிக்கொள்கிறேன்."

"யார் அந்தப் பாவி?"

"ஜெயித்த பிறகு சொல்கிறேன். ஆனால் பெயரைக் கேட்டதும் யாரையும் தண்டிக்கக் கூடாது. வாக்குக் கொடுங்கள்."

"கொடுத்தேன்!"

"இன்னொரு விண்ணப்பம். தாங்கள் வடக்குக் கோடியில், எதிரிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து முறைத்துப் பார்க்க வேண்டும். தங்கள் பார்வை பிடரியில் பட்டால் அவர்கள் கால் நடுங்காதா?"

"எதிரி பக்கத்தில் ராஜாவா? அபசாரம்!" என்று மந்திரி குறுக்கே விழுந்தார்.

"பின்னால் போய் வளைப்பதுதானே போர்த் தந்திரம், மந்திரியாரே?"

ராஜா மீசையை முறுக்கினார். "என் பார்வைக்கு அந்தச் சக்தி உண்டு" என்றார்.

வெள்ளிக்கிழமை நாற்காலி வடக்கே போனது. நம் பையன்கள் ராஜாவைப் பார்த்துக்கொண்டே பாடிப் போனார்கள். எதிரி நேர் எதிரே இருந்தான். ராஜாவைப் பார்த்துக்கொண்டே பின்வாங்கினார்கள். சடுகுடுவில் பின்வாங்குவதே அப்படித்தான். வந்தவனை ஏழு பேரும் கண்ணால் பார்த்து, அமுக்கிப் பிடித்தார்கள். பொழுது சாய்வதற்குள் கடல்துறை அணி சுத்தமாகக் காலி. கருக்குவேல் மைதானத்தில் உட்கார்ந்து குழந்தையாக அழுதார்.

மறுநாள் சபை கூடியது.

"சீராளா, யார் அந்த ஆள்?"

"அரசே, நேற்று நான் இடம் மாற்றியது ஒரே ஒருவரைத்தான். எட்டு ஆட்டமும் தெற்கே இருந்தவர். நேற்று வடக்கே இருந்தார்."

ராஜா தன் நாற்காலியைப் பார்த்தார். எட்டு ஆட்டமும் தன்னைப் பார்த்தபடி பின்னால் நடந்த பையன்களை நினைத்தார். முகம் சிவந்தது. கை வாள் பக்கம் போனது. பாதியில் நின்றது, வாக்கு ஞாபகம் வந்துவிட்டது போலும். பிறகு உதடு துடித்தது. அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், கிரீடம் மடியில் விழுந்தது.

"அடப்பாவி! கழுதையில் ஏற வேண்டியவன் நானா? வாத்தியாருக்கு இரண்டு காணி நிலம் கொடுங்கள். இன்றோடு அந்த வழக்கம் ஒழிந்தது. சீராளா, உனக்கு இந்த முத்துமாலை. நீயே முதலில் திரும்பி நட, பார்ப்போம்!"

சீராளன் மாலையை வாங்கிப் போட்டுக்கொண்டு, கும்பிட்டு, திரும்பி, கம்பீரமாக வாசலை நோக்கி நடந்தார்.

"நில்! என்ன இது, உன் முதுகு பூராவும் சுவர்ச் சுண்ணாம்பு?"

"பன்னிரண்டு வருஷமாக இருக்கிறது, அரசே" என்றார் சீராளன், திரும்பிப் பார்க்காமலே. "மந்திரியாரையும் ஒருமுறை திரும்பச் சொல்லிப் பாருங்கள்."