அடுத்த ஊர்க் கரை மண்

கேட்கிறவர்கள் காலை நீட்டி உட்காருங்கள். நடுவில் "உம்" கொட்ட மறந்தால் கதையும் நின்றுவிடும், இப்போதே சொல்லிவிட்டேன். தென்னவராயன் என்றொரு ராசா ஆண்ட நாட்டில், சீறாறு என்றொரு ஆறு ஓடியது. அதன் கரையில் வரிசையாக மூன்று ஊர்கள். மேலே மேல்பட்டி, நடுவே நடுப்பட்டி, கீழே அடிப்பட்டி.

மூன்று ஊருக்கும் ஒரு வழக்கம் இருந்தது. ஆடி முதல் நாள் வீட்டுக்கு ஒரு கூடை மண் கொட்டித் தங்கள் ஊர்க் கரையை உயர்த்த வேண்டும். நல்ல வழக்கம்தானே என்கிறீர்களா? பொறுங்கள். அந்த மண்ணை அடுத்த ஊர்க் கரையிலிருந்து திருடி வந்தால்தான் பலமாம்! இதைக் கண்டுபிடித்த மகராசன் யாரோ, தெரியாது. அடுத்த ஊர்க்காரர்கள் கூழ் குடிக்கிற உச்சிவேளை பார்த்துப் போய் அள்ளிவருவார்கள். மேல்பட்டி நடுப்பட்டியில் அள்ளும். நடுப்பட்டி அடிப்பட்டியில் அள்ளும். அடிப்பட்டி சுற்றுவழியாக வந்து மேல்பட்டியில் அள்ளும். அப்புறம் மூன்று ஊரிலும் குலவைச் சத்தம் காதைப் பிளக்கும், ஏமாற்றிவிட்டார்களாம்.

ஐப்பசி வந்தால் மூன்று கரையும் உடையும்.

நடுப்பட்டியில் சிலம்பாயி என்றொருத்தி நீர்க்கட்டியாக இருந்தாள். வயலுக்கு வயல் முறைவைத்துத் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை அது. முன்பு அவள் புருஷன் பார்த்த வேலை. போன ஐப்பசியில் கரை உடைந்த இடத்தில் மண் கொட்டப் போனவன் திரும்பவில்லை. உடைந்தது எந்த இடம் தெரியுமா? மேல்பட்டிக்காரர்கள் அள்ளிய பள்ளம்.

சிலம்பாயி வாய் வலிக்க மேல்பட்டியைத் திட்டினாள். திட்டி ஓய்ந்த பிறகுதான் ஒன்று அவள் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. அதே வருஷ ஆடியில் அடிப்பட்டிக் கரையிலிருந்து ஒரு கூடை மண்ணை அவளே சிரித்துக்கொண்டு அள்ளி வந்திருந்தாள். அடிப்பட்டியிலும் அந்த வெள்ளத்தில் இரண்டு உயிர் போயிருந்தது.

"இனி ஒரு உசுரையும் இந்த ஆத்துக்குக் குடுக்க மாட்டேன்" என்று நீர்க்கட்டிக் கம்பை ஊன்றிச் சொன்னாள். சொன்னால் சொன்னதுதான், அவள் குணம் அப்படி.

சித்திரையில் ராசா வந்தார். "வெள்ளத்தைத் தடுக்க ஒரு மாதத்துக்கு ஆயிரம் ஆட்கள் தருகிறேன். ஆனால் ஒரே ஒரு வேலைக்குத்தான். மூன்று ஊரும் ஒரே வாயாகச் சொல்ல வேண்டும். மூன்று நாள் கெடு. தவறினால் ஆட்கள் கோட்டை கட்டப் போய்விடுவார்கள்" என்றார்.

முதல் நாள், மூன்று நாட்டாமைகளும் "எங்கள் கரைக்கு, எங்கள் கரைக்கு" என்று கத்தினார்கள். இரண்டாம் நாள், தலைப்பாகைகள் தரையில் உருண்டன. வேறென்ன நடக்கும்?

அந்த இரண்டு நாளும் சிலம்பாயி ஆற்றோரமாக நடந்தாள். மேல்பட்டிக்கும் மேலே, ஆறு வளைகிற இடத்தில் ஒரு பள்ள வயல். வெள்ளம் முதலில் எட்டிப் பார்ப்பது அங்கேதான். அங்கே ஓர் ஏரி வெட்டிவிட்டால் பெருக்கு அதில் இறங்கிவிடும், ஆறு வேகம் தணிந்து ஊர்களைத் தாண்டும். அவள் தண்ணீரை அறிந்தவள், கணக்குத் தப்பாது.

ஆனால் அந்த வயல் அவளுடையது. நீர்க்கட்டி மானியமாக மாமனார் காலத்தில் வந்தது. அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். அதில் விளைந்தால்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கும். சிலம்பாயி வரப்பில் உட்கார்ந்து வயிறெரிய அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

மூன்றாம் நாள், ராசா முன்னால் மூன்று கூடை மண்ணை வைத்தாள். ஒன்றில் செம்மண், ஒன்றில் கரிசல், ஒன்றில் மணல்.

"இதுல உங்க ஊரு மண்ணு எதுன்னு சொல்லுங்கய்யா."

மேல்பட்டி நாட்டாமை உடையப்பன் மீசையைத் தடவிக்கொண்டு செம்மண்ணைக் காட்டினார். நடுப்பட்டியார் கரிசலைத் தொட்டார். அடிப்பட்டியார் மணலைக் கையில் அள்ளி, "இது எங்க மண்ணு!" என்றார்.

"செம்மண்ண அடிப்பட்டிக் கரையில அள்ளுனேன். கரிசல மேல்பட்டிக் கரையில அள்ளுனேன். மணல எங்க நடுப்பட்டிக் கரையில அள்ளுனேன். அதுல நான் திருடுன கூடையும் ஒண்ணு. என் புருஷன ஆறு கொல்லல ராசா, நாங்க எல்லாரும் சேந்து கொன்னோம்."

அடிப்பட்டியார் அள்ளிய மணலைக் கூடையிலேயே போட்டார். ராசா கூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

உடையப்பனுக்கு மட்டும் வீம்பு விடவில்லை. "சரி தாயி, இனி திருடல. வர்ற வெள்ளத்த எங்க விடுறது? உன் வயல்லயா?"

"ஆமாய்யா. என் வயல்லதான்."



சிலம்பாயி ஏரி யோசனையைச் சொன்னாள். "உனக்கு என்ன வேண்டும் அம்மா?" என்று ராசா கேட்டார்.

"வழக்கம் மாறக் கூடாது சாமி. ஆடியில வீட்டுக்கு ஒரு கூடை மண்ணு. ஆனா அத என் வயல்ல வெட்டி எடுக்கணும். எடுத்து அடுத்த ஊர்க் கரையில கொட்டணும்."

மூன்று ஊரும் ஒரே வாயாகச் சம்மதித்தன. ஆயிரம் ஆட்கள் ஒரு மாதம் வெட்டினார்கள். ஆடி முதல் நாள் மேல்பட்டி மண் சுமந்து நடுப்பட்டிக்குப் போனது, நடுப்பட்டி அடிப்பட்டிக்கு, அடிப்பட்டி மேல்பட்டிக்கு. அன்றைக்குக் கூழையும் போன ஊரிலேயே குடித்தார்கள்.

ஐப்பசி வந்தது. முதல் நாள் ஆறு சிவந்தது. இரண்டாம் நாள் கரையின் கழுத்தைத் தொட்டது. மூன்றாம் நாள் அதுவரை யாரும் காணாத பெருக்கு வந்தது. சிலம்பாயி வளைவில் கம்பை ஊன்றி நின்றாள். "வாடி, உனக்குன்னுதான் வச்சிருக்கேன்!" என்றாள். தண்ணீர் அவள் வயலுக்குள் திரும்பி இறங்கியது. கரை உடையவில்லை. அந்த வருஷம் மூன்று ஊரிலும் ஒரு கோழிக்குஞ்சு கூடச் சாகவில்லை.

தை வந்தது. எல்லார் களத்திலும் நெல் குவிந்தது, சிலம்பாயி வீட்டுக் குதிர் காலி. அவள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது உடையப்பன் தலையில் ஒரு கூடை நெல்லோடு வந்தார். பின்னால் பார்த்தால் வரிசை, மூன்று ஊரும்.

"வீட்டுக்கு ஒரு கூடை. வழக்கம்தானே தாயி."

சிலம்பாயிக்குக் கண் நிறைந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? "இது யாரு வயல்ல திருடுனது?" என்றாள்.

"என் வயலுதான் தாயி, சத்தியமா!" என்று உடையப்பன் பதறினார். வரிசை முழுக்கச் சிரித்தது.

கதை சொன்னது இதுதான்: அடுத்த ஊர்க் கரையைக் காப்பவனே தன் ஊரைக் காப்பவன்.