மழை பார்க்கும் கோபுரமும் 2,416 வௌவால்களும்

அன்று சபையில் இருந்தவர்கள்: அரசர் கண்டீரவர் ஒருவர். மந்திரி வில்லவராயர் ஒருவர். சாமரம் வீசுகிறவர்கள் நால்வர். காவலர் ஆறு பேர். வாய்த்துடுக்குக்குப் பெயர்போன நக்கன் சாத்தன் ஒருவன். ஓடைப்பட்டிச் செங்கல் சூளையிலிருந்து முறையிட வந்த குடிகள் முப்பத்தேழு பேர். ஆக ஐம்பது. தூணில் சாய்ந்து தூங்கிய சோதிடரையும் சேர்த்தால் ஐம்பத்தொன்று.

முப்பத்தேழு பேருக்கும் முன்னால் நின்றவள் அரியாயி. நடந்து வந்த வழியெல்லாம் என்ன பேசுவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். அரியணையைப் பார்த்ததும் பாதி மறந்துவிட்டது.

விஷயம் இதுதான். மூன்று வருடமாக மழை இல்லை. மழை எந்தத் திசையில் தங்கிவிட்டது என்று ஏறிப் பார்க்க அரசர் ஒரு கோபுரம் கட்டப்போகிறார். அரண்மனை முற்றத்தில் ஏழு அடுக்கு. அத்தனையும் மரம். அதற்காக ஓடைப்பட்டி ஏரிக்கரையில் நிற்கும் அறுபத்து மூன்று மருதமரங்களையும் வெட்ட வேண்டும்.

"சாமி, மழையத் தேடறதுக்கு மழையக் கூப்பிடுற மரத்தையே வெட்டுவாங்களா?" என்றாள் அரியாயி.

"மழை பெய்தால்தான் மரம் வளரும். இவள் தலைகீழாகச் சொல்கிறாள்" என்றார் மந்திரி. அரசர் தலையாட்டினார்.

"சூளையில நெருப்பு, வீட்டுல ஓலைக்கூரை. எங்க புள்ளைங்க பகல்ல கெடக்கறது அந்த நெழல்லதான். போன கோடையில மூணு பேரு வெயில்ல சுருண்டு விழுந்தாங்க சாமி. ரெண்டு பேருதான் எந்திரிச்சாங்க."

"கோபுரத்துக்கும் நிழல் உண்டு" என்றார் மந்திரி.

"கோபுரம் இங்க, நாங்க அங்க. நெழல மட்டும் வண்டியில ஏத்தி அனுப்புவீங்களா?"

சாமரம் வீசியவன் ஒருவன் சிரித்துவிட்டு இருமினான். அரசருக்கு முகம் சிவந்தது.

"அநியாயம் செய்கிறவன் நானல்ல! கோட்டை வாசல் கல்லில் என் பாட்டனார் வெட்டிய சட்டம் இருக்கிறது. 'குடியிருக்கும் எந்த உயிரை எழுப்பினாலும், முதலில் அதற்குக் குறையாத இடம் கொடுக்க வேண்டும்.' உன் வீட்டை இடித்தேனா?"

"இல்லைங்க."

"பிறகென்ன?"

அப்போது நக்கன் சாத்தன் எழுந்தான். "அரசர் சொல்வது சரி. இவர்கள் இருப்பது மரத்துக்குக் கீழே. இவர்களுக்கு எதுவும் தர வேண்டியதில்லை."

இவனும் அந்தக் கும்பல்தான் என்று நினைத்தாள் அரியாயி.

"மேலே இருக்கிறவர்களுக்குக் கொடுத்தால் போதும்" என்றான் சாத்தன்.

"மேலே யார்?"

"வௌவால்கள், அரசே."

அரசர் கிரீடம் சரியச் சிரித்தார். "கொடுங்கள்! என் அரண்மனைக்குள்ளேயே ஆனாலும் கொடுங்கள்! கண்டீரவன் சட்டம் வௌவாலுக்கும் உண்டு என்று உலகம் பேசட்டும்." மந்திரியும் சிரித்துக்கொண்டே ஓலையில் முத்திரை வைத்தார்.

வெளியே வந்ததும் சாத்தன் கேட்டான்: "அக்கா, புளியங்கொட்டை இருக்கா?"

"எதுக்குய்யா? பல்லாங்குழி ஆடவா?"

"எண்ண."

மறுநாள் ஓடைப்பட்டியே மரத்தடியில் அண்ணாந்து நின்றது. வௌவால் ஒன்றுக்குக் கொட்டை ஒன்று. முதல் எண்ணிக்கையில் 2,414. அரியாயிக்குத் திருப்தியில்லை. மறுபடி எண்ணினார்கள். தாயின் வயிற்றோடு ஒட்டியிருந்த குட்டிகள் இரண்டு விட்டுப்போயிருந்தன. 2,416.

அடுத்தது இடம். உயரமாக இருக்க வேண்டும். பகலில் இருட்டாக இருக்க வேண்டும். கீழே தண்ணீர் வேண்டும். நாடெல்லாம் தேடியும் அப்படி ஒரே இடம்தான் அகப்பட்டது. நடுவில் தாமரைக்குளம் கொண்ட தர்பார் மண்டபம். சாத்தன் முத்திரை ஓலையைக் காட்டி, சாளரங்களுக்கெல்லாம் திரை போட்டு, உத்தரங்களில் அத்திப்பழக் குலைகளைக் கட்டினான். ஓடைப்பட்டியில் அரியாயி மரத்தடியில் தாம்பாளத்தைத் தட்டினாள். "மன்னிச்சுக்கங்கப்பா, நாலஞ்சு நாளைக்குத்தான்" என்று ஒவ்வொரு தட்டுக்கும் சொன்னாள். மூன்றே மாலையில் எல்லாம் குடிபோய்விட்டன.

நான்காம் நாள் சபை கூடியது. ஓடைப்பட்டிக்காரர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். விளக்கு இல்லை. முரசு இல்லை. மேலே தொங்கும் குடிகள் பகலில் தூங்குவதால் எல்லோரும் கிசுகிசுவென்றே பேச வேண்டும் என்று சாத்தன் வாசலிலேயே சொல்லி அனுப்பினான். அரசர் வெண்கொற்றக் குடைக்குக் கீழே இருந்தார். குடை இப்போது வெள்ளையாக இல்லை. குடை இல்லாத மந்திரி தலையில் பித்தளைத் தாம்பாளம் வைத்திருந்தார்.

சொத்.

"விரட்டுங்கள் இவற்றை!" என்று மந்திரி கிசுகிசுத்தார்.

"சட்டம், ஐயா" என்று சாத்தன் கிசுகிசுத்தான். "குறையாத இடம் முதலில்."

"அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது?" என்றார் அரசர்.

"தர்பாருக்குக் குறையாத இடம் இந்த நாட்டில் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது, அரசே. அறுபத்து மூன்று மருதமரம். ஆனால் நாளைக்கு வெட்டுகிறார்களாமே."

சொத். இந்த முறை அரசரின் தொடை மேல்.

அரசர் தொடையைப் பார்த்தார். மேலே பார்த்தார். தாம்பாளத்துக்கடியில் மந்திரியின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சத்தம் போடக் கூடாதே என்று வாயைப் பொத்தியதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எழுதுங்கள்" என்றார் மூச்சுக்குள். "மரங்கள் அவற்றின் குடிகளுக்கே. ஒரு கிளையையும் யாரும் தொடக் கூடாது. கோபுரம் வேண்டாம். மழை வரும்போது தானாகத் தெரியும். சாத்தா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"எல்லோருக்கும் குளியல், அரசே."



பழக்குலைகளை அவிழ்த்ததும் வௌவால்கள் மரங்களுக்குத் திரும்பின. அரியாயி கொட்டைகளோடு உட்கார்ந்து எண்ணினாள். வந்து சேர்ந்தவை 2,409. மற்றவை மந்திரியின் இருக்கைக்கு நேர் மேலே இருந்த உத்தரத்தைவிட்டு நகரவில்லை. மந்திரியே பல்லக்கில் ஓடைப்பட்டிக்கு வந்தார். "அம்மா, அவற்றையும் கூப்பிட்டுக்கொள்ளேன்" என்றார்.

"அதுக்கென்ன சாமி" என்றாள் அரியாயி. "முறையா முப்பத்தேழு பேரக் கூட்டிக்கிட்டு, நடந்து வந்து கேளுங்க. குடியிருக்கறவங்களக் கலந்து பேசிட்டுச் சொல்றேன்."

மந்திரிக்கு இன்னும் ஆள் சேரவில்லை. தர்பாரில் வௌவால் மீதி: ஏழு.