செந்நாய்ப் படையும் பூவாயி மந்தியும்

ஒரு காட்டில் பிடித்த மழை விட்டபாடில்லை. ஆறு பொங்கி, மான் கூட்டமொன்று மேட்டில் மாட்டிக்கொண்டது. வெளியேற ஆழமில்லாத துறை ஒன்றுதான் உண்டு. அங்கேயோ ஒரு சிறுத்தை சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது!

மேட்டில் புல் தீர்ந்தது. குட்டிகள் துவண்டு விழுந்தன. பூவாயி என்ற மந்தி மரத்திலிருந்து இதைப் பார்த்தது.

"ஒன்றையும் சாகவிட மாட்டேன்!" என்று மரத்துக்கு மரம் தாவி, இலையும் காயும் கொண்டுவந்து உதிர்த்தது.

அதே நேரம், காட்டைக் காக்கும் செந்நாய்ப் படை சிறுத்தையை விரட்டக் கிளம்பியது. வெள்ளம் வடியும்வரை மான் வேட்டை இல்லையென்று அவை சத்தியம் செய்திருந்தன. ஆனால் தலைவன் முரசன் யாரிடமும் மூச்சுவிடவில்லை. படையோடு புதருக்குள் பதுங்கிப் பதுங்கி வந்தது.

மேலிருந்து பூவாயி சிவந்த முதுகுகளைப் பார்த்தது. செந்நாயைக் கண்டால் மந்தி என்ன செய்யும்? பழக்கதோஷம்! "செந்நாய்! செந்நாய்!" என்று கத்தித் தொலைத்தது.

மான்கள் சிதறி ஓடின. ஒரு குட்டி வெள்ளத்தில் விழுந்தது. பூவாயி பாய்ந்து, அதன் காதைப் பிடித்துக் கரைக்கு இழுத்தது. சிறுத்தையும் உஷாராகிப் பாறை இடுக்குக்குள் நழுவிவிட்டது.

"சிறுத்தையை விரட்ட வந்தோம், உன் வாயால் எல்லாம் கெட்டது!" என்று முரசன் உறுமியது.

"திருடன் மாதிரி வந்தால் கத்தாமல் கொஞ்சுவார்களா?"

"சரி, இனி தீனியை நாங்களே சுமந்து உன்னோடு வருகிறோம்."

"ஐயோ, வேண்டவே வேண்டாம்! உங்கள் வாடை பட்ட இலையை எந்த மான் தொடும்? என்னையும் உங்கள் ஆள் என்றல்லவா நினைக்கும்! துறை உங்கள் பாடு, மேடு என் பாடு. கிளம்பும் முன் எனக்குச் சொல், போதும்."

"படைத்தலைவன் மந்தியிடம் சொல்லிக்கொண்டா போவான்?"

பூவாயி கை நீட்டி, நனைந்து நடுங்கும் குட்டியைக் காட்டியது. முரசன் தலை தாழ்ந்தது.

சிறுத்தை மீண்டும் துறைக்கு வந்தது. இம்முறை முரசன் முன்பே சொல்லியனுப்பியது. பூவாயி மான்களிடம், "செந்நாய் வரும். உங்களைத் தேடியல்ல. ஓடாதீர்கள்" என்றது. ஒரு மானும் அசையவில்லை. செந்நாய்கள் சூழ்ந்ததும் சிறுத்தை வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடியே போனது.

"செந்நாய்கள்?" என்று தாய்மான் நடுக்கத்தோடு கேட்டது.

"மலைக்கு அப்பால் போய்விட்டன. என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போயின."

தாய்மான் குட்டியை முன்னே விட்டு, தண்ணீரில் கால் வைத்தது.

நீதி: உதவப் போகும் இருவர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும், ஒருவர் வேலைக்குள் மற்றவர் நுழையக் கூடாது.