விடுபட்ட துடிப்பு

மூங்கில் காட்டுக் குளக்கரையில் மருதி என்னும் முயல் அசையாமல் படுத்திருந்தாள். அவள் மார்பில் ஒரு சிலந்தி இழை கட்டப்பட்டிருந்தது. இழையின் மறுமுனையில் நாவற்பழச் சாற்றில் தோய்த்த இறகு; அதன் கீழே நீண்ட வாழையிலை. இலையை ஒரு நத்தை இழுத்துச் சென்றது. ஒரே சீராக இழுப்பதற்கு அந்தக் காட்டில் நத்தையை விட்டால் வேறு ஆளில்லை.

இதயம் ஒருமுறை துடித்தால், இறகு இலையில் வரையும் கோட்டில் ஒரு மேடு எழும். இது கொக்கு வைத்தியர் கண்ட முறை.

ஒரே வாரத்தில் மூன்று முயல்குட்டிகள் ஓடும்போதே சுருண்டு விழுந்து இறந்திருந்தன. முயற்கூட்டத்தின் தலைவியான மருதியின் வளையில் இன்னும் ஒன்பது குட்டிகள் இருந்தன. காரணம் அறிய விலங்குகளின் இதயங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்றார் வைத்தியர். மற்ற முயல்கள் பின்வாங்கின. மருதி தானே முன்வந்தாள்.

அவளுக்கு முன் படுத்த காட்டுப்பன்றி, அசையக் கூடாது என்று வைத்தியர் எச்சரித்தும் கேளாமல், தோளைக் குலுக்கிக்கொண்டே கிடந்தது. அந்தக் குலுக்கலில் அதன் கோடு மலைத்தொடராக எழும்பியது. கரையில் கூடியிருந்த விலங்குக் கூட்டம் வியந்தது. மருதியின் கோட்டிலோ சிறுசிறு மேடுகள்; நான்கு மேடுகளுக்கு ஒருமுறை வெற்றிடம்.

"என்ன மருதி, நாலு துடிப்புக்கு ஒரு தூக்கமோ?" என்றது பன்றி.

கரையெங்கும் சிரிப்பு எழுந்தது. முயலுக்கு நெஞ்சுரம் இல்லை என்ற பேச்சை மருதி பிறந்த நாள் முதல் கேட்டிருக்கிறாள். இப்போது அதற்கு எழுத்திலேயே சான்று கிடைத்துவிட்டது.

வாழையிலை வாடிவிடும் என்பதால் கோட்டைப் பனையோலையில் படியெடுப்பது அணிலின் வேலை. இளகிய மனம் கொண்ட அணில் அருகில் வந்து கிசுகிசுத்தது.

"அக்கா, வெற்றிடங்களை எல்லாம் நிரப்பிவிட்டேன். வைத்தியர் ஓலையை மட்டும்தான் பார்ப்பார்."

மருதி ஓலையைப் பார்த்தாள். குறையற்ற கோடு. அதைக் காட்டினால் அத்தனை வாய்களும் மூடிக்கொள்ளும். காதுகள் சுட, ஒரு கணம் தயங்கினாள். பிறகு ஓலையைக் கடித்து இரண்டாக்கினாள்.

"என் இதயம் நின்ற இடத்தில் நின்றது என்றே எழுது. எனக்கு அழகான கோடு வேண்டாம். குட்டிகள் பிழைக்க வேண்டும்."

வைத்தியர் அந்த வெற்றிடங்களை நெடுநேரம் ஆராய்ந்தார். இது ஏதோ நஞ்சின் வேலை என்று ஐயுற்று, முயல்கள் எங்கே நீர் குடிக்கின்றன என்று விசாரித்தார். பாறைக்குழியில் என்றாள் மருதி. போய்ப் பார்த்தால், குழிக்கு மேலே ஓர் அரளிச் செடி. உதிர்ந்த இலையும் பூவும் நீரில் ஊறிக் கிடந்தன. அரளியின் நஞ்சு இதயத்தின் தாளத்தைக் குலைக்கும் என்பதை வைத்தியர் விளக்கினார்.

முயல்கள் குழியைக் கற்களால் மூடின. சில நாள்கள் குளத்து நீர் குடித்தபின் மருதி அதே கூட்டத்தின் முன் மீண்டும் படுத்தாள். ஒரு துடிப்புகூட விடுபடவில்லை.

அப்போது காட்டுப்பன்றி தலைகுனிந்து வந்து, தானும் அந்தக் குழியில்தான் குடித்ததாக ஒப்புக்கொண்டது. இம்முறை அசையாமல் படுத்தது. அதன் கோட்டிலும் வெற்றிடங்கள் தெரிந்தன. சிரிக்க வாய் திறந்தவர்களை மருதி ஒரு பார்வையில் அடக்கினாள்.

மறுநாள் ஒன்பது குட்டிகளும் மூங்கில் காட்டின் குறுக்கே பாய்ந்தோடின, ஒன்றும் விழவில்லை. மருதி காதுகளை நிமிர்த்தி நின்று பார்த்தாள்.

தம் குறையை மறைத்து எழுதச் சம்மதியாதவரே தம் இனத்தைக் காக்கும் தகுதி உடையவர்.