ஆரல்வாய்மொழி நிறுத்தம்

ஞானதுரை தன் சைக்கிளைக் கொண்டுவந்து, டீக்கடையில் நின்றிருந்த பிரிசில்லாவின் முன்னால் நிறுத்தினார். அதில் பை மாட்டாத இடமே இல்லை.

பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருப்பவர் அவர். ஐம்பதைத் தாண்டியவர். பிரிசில்லா அவரைவிட வெகுவாக இளையவள், மின்வாரியத்தில் பொறியாளர். நெடுந்தூரம் மிதிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அந்த ஊரில் அவள்தான் ஆசான். அவள் “பேர் குடுங்க” என்று சொல்லாமல் அறுநூறு கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்துக்கு யாரும் பெயர் கொடுப்பதில்லை.

அந்த ஓட்டத்தில் பின்னால் வண்டி வராது. பஞ்சர் ஆனால் தானே ஒட்ட வேண்டும். பசித்தால் தானே கடை தேட வேண்டும். பாதியில் விட்டுவிட்டால் வீடு வந்து சேர்வதும் அவரவர் பாடு.

“டியூப் மூணு வச்சிருக்கேன் மேடம். செயின் அறுந்தா மாட்டக் கண்ணி இருக்கு. உப்பு, பேரீச்சம்பழம், மழைக்கோட்டு. விளக்கு ரெண்டு, ஒண்ணு போனா ஒண்ணு.”

பிரிசில்லா விளக்குகளைத் தொட்டுப் பார்த்தாள்.

“போன வருஷம் விளக்கு போயிட்டா அண்ணாச்சி?”

“இல்ல. எரிஞ்சுது.”

“பின்ன எப்படி விழுந்திய?”

ஞானதுரை டீ கிளாஸைப் பார்த்தார்.

போன வருஷம் நானூறு கிலோமீட்டர் ஓட்டத்தில், கோவில்பட்டி தாண்டி, தூங்கிக்கொண்டே மிதித்துப் பள்ளத்தில் விழுந்தார். தோளில் காறை எலும்பு முறிந்தது. ஒரு லாரிக்காரர்தான் தூக்கிப்போட்டுக்கொண்டு போனார். விழுவதற்கு முன்னால் எத்தனையோ பஸ் நிறுத்தங்களையும் காலி பெஞ்சுகளையும் கடந்து வந்தது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆஸ்பத்திரியில் மனைவி லீலா ஒன்றுதான் கேட்டாள். “தூக்கம் வந்தா நிறுத்த வேண்டியதுதானே?” இந்த வருஷம் அவர் அறுநூறு என்று சொன்னதும் அவள் எதுவுமே கேட்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

“இன்னும் என்ன தயார் பண்ணணும்னு சொல்லுங்க மேடம். வாங்கிருதேன்.”

“ஞாயித்துக்கிழமை நாகர்கோவில் பக்கம் ஒரு மிதி மிதிப்போம்” என்றாள் பிரிசில்லா. “வாங்காம வாங்க.”

ஆடிக் காற்று தொடங்கியிருந்தது. ஞாயிறு விடியுமுன்னே கிளம்பி, நாங்குநேரி வரை பேசிக்கொண்டே போனார்கள். வள்ளியூரில் இட்லி சாப்பிட்டார்கள். பணகுடி தாண்டியதும் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது. சாலையோரப் பனைகள் எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்து நின்றன. ஞானதுரை குனிந்து மிதித்தார். இந்தக் காற்றைத்தான் சோதனையாக வைத்திருக்கிறாள் என்று அவருக்குப் பட்டது. பட்டதும் கால்களில் புதுப் பலம் வந்தது. கொஞ்ச தூரம் அவளையே முந்திக்கொண்டு போனார்.

கணவாயில், காற்றாலைகளின் கீழே, ஆரல்வாய்மொழி பஸ் நிறுத்தம் வந்தது.

“அண்ணாச்சி, இறங்குங்க.”

இறங்கினார். மூச்சு வாங்கியது. முகம் முழுக்கச் சிரிப்பு.

“எப்படி ஓட்டுதேன்?”

“நல்லா ஓட்டுதிய.”

“இன்னும் கொஞ்ச தூரம்தான் நாகர்கோவில். ஒரே மிதி.”

“நான் போய்க்கிடுதேன். நீங்க பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போங்க.”

அவருக்கு விளங்கவில்லை. “யாரு?”

“நீங்கதான். சைக்கிளோட. பஸ்லதான் போகணும்.”

“நான் என்ன தப்பு செஞ்சேன்?”

“ஒரு தப்பும் இல்ல” என்றாள் பிரிசில்லா. ஏறி மிதித்தாள். காற்றில் அவள் சட்டை படபடத்தது. வளைவில் மறைந்தாள்.

ஞானதுரை நிறுத்தத்தில் நின்றார். கோபம் வந்தது. பிறகு ஒரு யோசனை வந்தது. சைக்கிளைத் திருப்பினால் இதே காற்று முதுகில் இருக்கும். மிதிக்கக்கூட வேண்டாம், பறந்து போய்விடலாம். பஸ்ஸைவிட முன்னாலேயே வள்ளியூரில் நிற்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

சைக்கிளைத் திருப்பவும் செய்தார். ஒரு கால் பெடலில் இருந்தது.

முதல் பஸ் நிற்காமல் போயிற்று. அவர் பெடலில் இருந்த காலை எடுத்துக் கீழே ஊன்றினார். ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் நின்ற லீலாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது பஸ் நின்றது. கண்டக்டர் படியில் நின்றபடியே கையை ஆட்டினார்.

“சைக்கிள் ஏத்த முடியாது அண்ணாச்சி. எங்க பஸ்ஸுக்கு ஆறு சக்கரம் இருக்கு, போதும்.”

“முன்சக்கரத்தைக் கழத்திருதேன்.”

“பின்னால இடம் சும்மாதான கெடக்கு, ஏத்திக்கிடுங்களேன்” என்றாள் கடைசி சீட்டில் பலாப்பழத்தோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண். “பாவம், அரை டவுசரோட நிக்காரு.”

பஸ்ஸில் சிரிப்பு எழுந்தது. ஞானதுரை சக்கரத்தைக் கழற்றி ஏறினார். கண்டக்டர் சைக்கிளுக்கும் சேர்த்து டிக்கெட் கிழித்தார்.

“சர்க்கஸா?” என்றார் முன் சீட்டில் இருந்த ஒருவர்.

“இல்ல. மருந்துக்கடை.”

“எங்க போயிட்டு வாறிய?”

“நாகர்கோவிலுக்கு.”

“நாகர்கோவில் அந்தப் பக்கம்லா இருக்கு?”

ஞானதுரை விளக்கத் தொடங்கினார். “அது வந்து, ஒரு பயிற்சி. எங்க மேடம் என்ன சொன்னாங்கன்னா...”

கண்டக்டர் நின்று கேட்டார். பலாப்பழக்காரியும் கேட்டாள். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்ததே தவிர முடியவில்லை. எங்கே கொண்டுபோய் முடித்தாலும் அவர் பெரிய வீரராகத்தான் நிற்பார் போலிருந்தது.

நிறுத்திக்கொண்டார்.

“முடியல” என்றார். “இறங்கிட்டேன்.”

வாய்விட்டு அந்த வார்த்தையை அவர் சொன்னதே இல்லை. யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தார்.

“இந்தக் காத்துல எம் மருமவன் பைக்கே தெணறுது” என்றார் முன் சீட்டுக்காரர். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் அடுத்த டிக்கெட்டுக்குப் போனார்.

“அந்தச் சக்கரத்தை இங்கன குடுங்க. பழத்துக்கு அண்டை குடுக்கட்டும், உருளுது” என்றாள் பலாப்பழக்காரி.

கொடுத்தார். கை காலியானது. பழத்தின் வாசனையும் டீசல் வாசனையும் கலந்து வந்தன. பணகுடி வருவதற்குள் தூங்கிப்போனார். இந்த முறை தூக்கம் அவரைப் பிடித்துத் தள்ளவில்லை. திருநெல்வேலி வந்ததும் கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பினார்.

லீலா அடுப்படியில் இருந்தாள். அடுப்புப் பக்கத்தில், எட்டுகிற தூரத்தில், அவள் செல்போன் இருந்தது. அவர் சைக்கிள் எடுத்த நாளெல்லாம் அது அங்கேதான் இருக்கும்.

“என்ன, மணி பன்னெண்டுகூட ஆகல?”

“பஸ்ல வந்தேன்.”

அவள் திரும்பி, தோள், முழங்கை, முழங்கால் எல்லாவற்றையும் பார்த்தாள்.

“எங்கயும் விழுந்துட்டியளா?”

“இல்ல. எறங்கி, பஸ் ஏறி வந்துட்டேன்.”

அவள் செல்போனை எடுத்துக்கொண்டுபோய் உள்ளறையில் வைத்துவிட்டு வந்தாள்.

“சாளை மீன் குழம்பு வச்சிருக்கேன். இப்பமே சாப்பிடுதியளா, குளிச்சிட்டு வாறியளா?”

“இப்பமே.”

சாப்பிடும்போது அவள் பலாப்பழக்காரியின் கதையைக் கேட்டாள். அரை டவுசர் வந்ததும் சிரித்துவிட்டாள். அவர் இரண்டாம் முறை சோறு வாங்கினார். கை கழுவும்போது அவளே கேட்டாள், “அறுநூறு எந்தத் தேதி?”

மறுநாள் காலை டீக்கடையில் பிரிசில்லா நின்றிருந்தாள். ஞானதுரை சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டுப் போனார். பைகளில் பாதி இல்லை.

“பஸ் கெடச்சுதா?”

“ரெண்டாவது பஸ். சாப்பிட்டுச் சாயங்காலம் வரை தூங்கினேன்.”

“நல்லது.”

“ஒண்ணு சொல்லணும் மேடம். சைக்கிளைத் திருப்பிட்டேன். காத்து முதுகுல இருந்துச்சு. ஓட்டியே வந்திருப்பேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.”

“தெரிஞ்சிருக்காதுதான்.”

“பின்ன ஏன் அங்க போய் இறக்கிவிட்டிய? வள்ளியூர்ல இறக்கியிருக்கலாம். இட்லியாவது பக்கத்துல இருந்துச்சு.”

“வள்ளியூர்ல உங்களுக்கு இறங்க ஆசையா இருந்துச்சு. ஆரல்வாய்மொழில இல்ல.”

ஞானதுரை டீயை ஒரு வாய் குடித்தார். அவள் சிரிக்கவில்லை.

“அறுநூறுக்குப் பேர் குடுங்க அண்ணாச்சி.”

அவர் தலையாட்டினார். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னார். பிறகு, இத்தனை நாள் கேட்கத் துணியாததைக் கேட்டார்.

“நீங்க ஆயிரத்து இருநூறு முடிச்சவங்க. நிக்காம ஓட்டினவங்க. உங்களுக்கு இதை யாரு மேடம் சொல்லிக்குடுத்தாங்க?”

பிரிசில்லா கிளாஸைக் கீழே வைத்தாள்.

“நிக்காமலா? இந்த ரோட்டுல ஓடுற கண்டக்டர்கள்ல பாதிப் பேருக்கு என் சைக்கிளைத் தெரியும் அண்ணாச்சி. மீதிப் பேரு இப்பதான் வேலைக்குச் சேர்ந்தவங்க.”