கத்தரிக்கோல் பொம்மை

நகராட்சித் தலைவர் கார்மேகம் வெள்ளிக்கிழமைதோறும் பூரணி அம்மாவின் மடத்துக்கு வருவார். அம்மா அவரைவிட வயதில் இளையவர். ஆனாலும் கார்மேகம் அவரைக் குருவாக ஏற்றிருந்தார்.

அன்று உட்கார்ந்ததும் கேட்டார்.

"அம்மா, அவமானத்தை எப்படித் தாங்குறது?"

"என்ன நடந்தது?"

கடைத்தெருவில் அவர் சாயலில் ஒரு பொம்மை விற்பனையானது. வெள்ளை வேட்டி, தடித்த மீசை, கையில் ஆளைவிடப் பெரிய கத்தரிக்கோல். முதுகிலுள்ள நூலை இழுத்தால் கத்தரிக்கோல் திறந்து மூடும். கூரை போடாத பேருந்து நிழற்குடையைக் கார்மேகம் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்த மறுவாரம் அது கடைக்கு வந்தது. ஊரே வாங்கியது.

"இப்ப அது எங்கே?"

"எடுக்க வெச்சுட்டேன். கடை உரிமம் வேணும்னா அது இருக்கக் கூடாதுன்னு நம்ம ஆளுங்க போய்ச் சொன்னாங்க. ஒரே நாள்ல காணாமப் போயிடுச்சு."

"அப்ப அவமானமும் போயிருக்கணுமே."

கார்மேகம் தரையைப் பார்த்தார்.

"போகலம்மா. நான் கடைத்தெருவுல நடந்தா எல்லாரும் கும்பிடுறாங்க. ஒருத்தரும் பேச மாட்டேங்கிறாங்க."

அம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

"வாங்க. எனக்கும் ஒரு பொம்மை வாங்கணும்."

சகாயமேரியின் பொம்மைக் கடை கடைத்தெரு முனையில் இருந்தது. இருவரையும் கண்டதும் அவள் எழுந்து நின்றாள்.

"மேரி, என் பொம்மை ஒண்ணு குடும்மா. தியானத்துல உட்கார்ந்தபடி தூங்கி விழுமே, அது."

கார்மேகம் திடுக்கிட்டார். "உங்களையுமா செஞ்சிருக்காங்க?"

"நான் தூங்குறேன்னு மடத்துல யாரும் எங்கிட்டச் சொன்னதில்ல. இதைப் பார்த்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்."

மேரி தயங்கினாள். "அது இப்ப வெக்கிறதில்லம்மா."

"ஏன்?"

"மனுச முகம் உள்ள எதையுமே வெக்கிறதில்ல. எது யாருக்கு ஆகாதுன்னு தெரியலையே."

அலமாரியில் யானைகளும் கிளிகளும் மட்டும் இருந்தன.

"தலைவர் பொம்மை?" என்றார் அம்மா.

"அப்படி ஒண்ணு நாங்க வித்ததே இல்லம்மா."

மேரி யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னாள். முந்தானையை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

கார்மேகம் அவளையே பார்த்தார். தேர்தலில் அவருக்காகத் தெருத் தெருவாக ஓட்டுக் கேட்டவள். ஜெயித்த அன்று ஆரத்தி எடுத்து, "இனிமே உங்களைப் பிடிக்க முடியாது தலைவரே" என்று முகத்துக்கு நேரே கேலி செய்தவள்.

"மேரி, கடைக்கு ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன். அதை வெளியே எடுத்து வைம்மா."

அவள் அசையவில்லை. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

கார்மேகம் கடைக்குள் ஏறினார். மேரியின் பார்வை பரணுக்குப் போய்த் திரும்பியது. அங்கிருந்த அட்டைப்பெட்டியை அவரே இறக்கிப் பிரித்தார். ஒரு பொம்மையை எடுத்து முன்வரிசையில் வைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு நூலை இழுத்தார்.

கத்தரிக்கோல் திறந்து மூடியது.

மேரி வாயைப் பொத்திக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. கார்மேகத்தின் முகம் சுருங்கியது. பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது.

"என் மீசை இவ்வளவு பெரிசா இல்லையேம்மா?"

"இதைவிடப் பெரிசுங்க தலைவரே."

சிரித்து முடித்ததும் மேரியின் குரல் மாறியது.

"தலைவரே, பின்பக்கம் சாக்கடை அடைச்சுக் கிடக்கு. பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருது. உங்ககிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு."

பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பொம்மையைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார். இறங்கி வந்து, தெருவிளக்கு எரியாததைச் சொன்னார். பூக்காரி தண்ணீர் வராததைச் சத்தம் போட்டே சொன்னாள். அவள் பின்னால் இன்னும் பலர் வந்தார்கள்.

கார்மேகம் குருவிடம் திரும்பினார்.

"என்னம்மா இது? ஒரு பொம்மையை எடுத்து வெச்சேன். இத்தனை பேர் வந்து திட்டுறாங்களே!"

"உங்ககிட்டயே வந்து திட்டுறாங்க இல்ல?" என்றார் அம்மா. "நீங்க நின்னு கேளுங்க. நான் மடத்துக்குத் தனியாவே போயிக்கிறேன்."